ஆடு வலையைத் தின்ற படம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து சினிமாப் பேச்சை எடுத்தால் நான் மெல்ல எழுந்து காபி போடப் போய்விடுவேன். நீங்கள் சிலாகிக்கும் பெரிய படங்களில் பாதியை நான் பார்த்ததே இல்லை. நான் தேடிப்பிடித்துப் பார்க்கிற படங்களின் பெயர் உங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சிரிப்பீர்கள். எங்கோ ஒரு குளிர் நாட்டில் தொப்பை போட்ட தபால்காரரும் பல் டாக்டரும் சேர்ந்து கயிறு இழுக்கும் போட்டிக்கு ஆள் சேர்ப்பார்கள். முதல் இழுப்பிலேயே கயிறு அறுந்து எல்லோரும் சேற்றில் விழுவார்கள். அந்த மாதிரிப் படம். எடுத்தவர்களின் வீட்டார் மட்டும் பார்த்திருப்பார்களோ என்று சந்தேகம் வருகிற படம். என் மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மறுபடியும் தோத்துப்போற படமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஆமாம், தோற்றுப்போகிற படம்தான். அதைப் பார்க்கிற ஒன்றரை மணி நேரம் எனக்குப் பயமாக இருப்பதில்லை. நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். காலிங் பெல் அடித்தால் இன்றைக்கும் என் கையில் இருக்கிற டம்ளர் ஆடும். இந்தப் படங்களும் அந்தப் பயமும் ஒரே கோடை விடுமுறையில் என்னிடம் வந்து சேர்ந்தவை. அப்போது எனக்கு ஒன்பது வயது, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்குகிற புதுநன்மைக்குப் போகிற வருஷம்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வாரம் என்றால் பகலில் வீட்டில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அப்பா மைன்ஸில் மண் வெட்டுகிற ராட்சச மெஷினுக்கு ஆபரேட்டர். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, கண்ணுக்கு மேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உள் அறையில் படுத்தால் இரண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அதுவரை குக்கர் விசில் அடிக்கக் கூடாது. அம்மா அடுப்படியிலேயே நின்று, விசில் கிளம்பும் நேரம் பார்த்துக் குக்கரை இறக்கிவிடுவாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்காமல் இருக்க பக்கெட்டுக்குள் பழைய துணியைப் போட்டுத்தான் குழாயைத் திறப்போம். தம்பிக்கு ஐந்து வயது. அவன் அழ ஆரம்பித்தால் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பலா மரத்தடிக்கு ஓடுவாள்.

அப்பா அடிக்கிறவர் இல்லை. அதிர்ந்துகூடப் பேச மாட்டார். ஆனால் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் சைக்கிளில் வரும்போது லாரியில் மோதிச் செத்துப்போனார். அதிலிருந்து அம்மா எங்களிடம் ஒன்றையே சொல்வாள்: "தோ பாரு, அப்பா தூங்கலைன்னா அப்பா வூட்டுக்கு வர மாட்டாரு." நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு தட்டு என் கையிலிருந்து நழுவினால் அப்பா செத்துப்போவார். ஒன்பது வயதில் நான் சுமந்த கணக்கு அது. அம்மா இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டாள்.

இந்த வீட்டுக்குத்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், ஐ.டி.ஐ. முடித்தவர். அப்பா சொல்லிவைத்து ஒரு கான்ட்ராக்டரிடம் லோடிங் வேலை கிடைத்திருந்தது. ரெண்டு மூணு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பெர்மனென்ட் ஆகலாம் என்பது எல்லோருடைய நம்பிக்கை. தங்க வேறு இடமில்லை, எங்கள் வராந்தாவில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் சிரிக்க முடியும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஒருநாள் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊருக்குத் திரும்பினார். அவருடைய சாமான்களை ஏற்றப் போன மாமா, வேண்டாமென்று ஒதுக்கிய அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தார். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் நீல மையில் இரண்டு வார்த்தை எழுதியிருந்தது. எந்த பாஷை என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மாமா மெயின் பஜாரிலிருந்து வீடியோ டெக்கை அரை நாள் வாடகைக்கு எடுத்து, சாக்குப் பையில் மறைத்துக் கொண்டுவருவார். அம்மா கோயில் வேலையாகவோ கடைக்கோ போகிற நாளாகப் பார்த்து வாசல் கதவைத் தாழ்போட்டு, வெளிச்சம் விழாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் அந்தப் படத்தைப் பார்ப்போம்.

ஒரு கிராமத்துப் பெண்கள் கால்பந்து ஆடுகிற படம். அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் ரொட்டிக் கடைக்காரர். கையெல்லாம் மாவு. கோல் காக்கிற குண்டு அம்மாள் நின்ற இடத்திலேயே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். கோல் கம்பத்தில் கட்டிய வலையை ஒரு ஆடு வந்து நிதானமாகத் தின்றுவிடும். பந்து குளத்தில் விழும், அதை எடுக்கப் போன ஆட்டக்காரிகள் ஒவ்வொருத்தியாகக் குளத்தில் விழுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் படு தோல்வி. தோற்றதும் மரத்தடியில் நீளமான மேசை போட்டு எல்லோரும் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். ஜெயித்த கட்சியும் வந்து உட்கார்ந்து தின்னும்.

படத்துக்குப் பேச்சு மாமாதான். எங்கள் இரண்டு பேர் தலைக்கு நடுவில் குனிந்து கிசுகிசுப்பார். ரொட்டிக் கடைக்காரர் வாயைத் திறந்தால், "அடுப்புல ரொட்டி கருகுதுடி, சீக்கிரம் தோத்துட்டு வாங்க!" குண்டு அம்மாள் திரும்பினால், "பந்து வந்தா ஒரு கொரல் குடுங்கடி, நான் பின்னிக்கினு இருக்கேன்." ஆடு வலையை மென்றுகொண்டே கேமராவைப் பார்க்கும். மாமா தாடையை ஆட்டிக்கொண்டு, "உப்பு பத்தல" என்பார். நானும் தம்பியும் ஆளுக்கொரு துண்டை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உருளுவோம். உருளும்போதே ஒரு கண் உள் அறைக் கதவின் மேல் இருக்கும். வயிறு வலிக்கிற சிரிப்பும் அப்பா எழுந்துவிடுவாரோ என்கிற பயமும் ஒன்றாக வந்தது எனக்கு அங்கேதான்.

ஒருநாள் நான் மாமாவிடம் கேட்டேன், "இவங்க எப்பதான் மாமா ஜெயிப்பாங்க?"

"எதுக்கு ஜெயிக்கணும்?" என்றார். "பெரிய படத்துல எல்லாம் ஜெயிச்சே ஆவணும். இல்லன்னா தங்கச்சிக்குக் கல்யாணம் ஆவாது, அப்பன் செத்துப்பூடுவான். இதுல பாரு, தோத்தாக்கூட குந்திக்கினு சோறு துன்னலாம். எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

ரெண்டு தடவை அப்ரெண்டிஸ் செலக்‌ஷனில் பெயர் வராத ஆள் அதைச் சொன்னார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம், ஒரு ஊர் இருக்கிறது, அங்கே தப்புச் செய்தால் யாரும் சாவதில்லை என்பதுதான். எனக்கு அந்த ஊர் ரொம்பப் பிடித்திருந்தது. மூன்று தடவை பார்த்தும் படத்தின் முடிவை நாங்கள் பார்க்கவில்லை. பிடித்த இடங்களை மாமா திரும்பத் திரும்பப் போடுவார், அதற்குள் இரண்டு மணி ஆகிவிடும்.

நாலாவது தடவைதான் மாட்டிக்கொண்டோம். அம்மா என் புதுநன்மைக் கவுனுக்கு வெள்ளைத் துணி எடுக்கப் போயிருந்தாள். எதிர்வீட்டு ஆன்ட்டி எங்கள் வீட்டில் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் கிறீச்சிடும், அப்பா எழுந்துவிடுவார் என்று மாமா உதட்டில் விரலை வைத்தார். மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஆள் இருப்பது ஆன்ட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் வந்து திரை இடுக்கில் கண்ணை வைத்தார். இருட்டு அறை. வாலிபப் பையன் ஒருத்தன், அவனோடு ரெண்டு சின்னப் பிள்ளைகள். சத்தமே இல்லாத டிவி. அதில் குளத்திலிருந்து கரையேறிய வெள்ளைக்காரப் பெண்கள் மேசை விரிப்பை எடுத்து உடம்பில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆன்ட்டி ஜன்னலை விட்டு நகர்ந்தார். தெருமுனைக்குப் போய் அம்மா வரும்வரை காத்திருந்திருக்கிறார். அம்மா கொல்லைப்புற வழியாக உள்ளே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அவள் துணிப் பையைக் கீழே போட்ட சத்தத்தில் அப்பா எழுந்துவிட்டார்.

அப்பா லுங்கியோடு வந்து நின்றார். அம்மா அவர் காதில் என்னவோ சொன்னாள். அப்பா டெக்கைப் பார்த்தார், ஜன்னல் திரையைப் பார்த்தார், கடைசியாக மாமாவைப் பார்த்தார்.

"மச்சான், நீங்க நெனைக்கிறாப்பல இல்லீங்க. தோ, டெக்கு இருக்குது. போடறேன், நீங்களே பாருங்க" என்று மாமா பட்டனுக்குக் கையை நீட்டினார்.

"கைய எடுடா. உங்கக்கா முன்னாடியா? புள்ளைங்க முன்னாடியா?"

"அவங்க வெளிய போவட்டுங்க. நீங்க மட்டும் பாருங்க."

"அந்தக் கருமத்த நான் வேற பாக்கணுமா? வெள்ளைக்காரன் வுட்டுட்டுப் போன கேசட்டுல வேற என்னடா இருக்கும்?"

இதைத்தான் நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் போதும். ஆடு வந்திருக்கும். ஆனால் கெட்ட படமா என்று தெரிந்துகொள்ள அதைப் பார்க்க வேண்டும்; பார்த்தால் கெட்ட படம் பார்த்தவர் ஆகிவிடுவார். கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற மனிதர் எப்படிப் பார்ப்பார்? டிவிக்கு மேலே திரு இருதய ஆண்டவர் படம் வேறு மாட்டியிருந்தது. எனவே அப்பா பார்க்காமலேயே விசாரித்தார். முதலில் தம்பியின் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து அவனைக் கேட்டார்.

"படத்துல என்னடா பாத்த, கண்ணு?"

"அக்காங்கல்லாம் தண்ணில வுழுந்தாங்க. அப்புறம் துணிய சுத்திக்கினாங்க. சின்ன டவுசர் போட்டுக்கினு ஓடுனாங்க" என்றான் தம்பி. ஆடு அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். தூக்கம் பாதியில் கலைந்த கண்கள் சிவந்திருந்தன. இன்றைக்கு நைட் ஷிப்ட் உண்டு, அப்பா சரியாகத் தூங்கவில்லை, அப்பா திரும்பி வர மாட்டார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "இவன் சொல்றது நெஜமா? ஆமாவா, இல்லையா?"

"ஆமாம்பா" என்றேன்.

அதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். தண்ணீரில் விழுந்தது நிஜம். துணி சுற்றியது நிஜம். மாமா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சமையல் கட்டில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

அப்பா கேசட்டைத் தொடக்கூட மனமில்லாமல் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போய், தோட்டத்தில் குவித்திருந்த பலா இலைச் சருகோடு சேர்த்துக் கொளுத்தினார். கறுப்பாகப் புகை வந்தது. டேப் சுருண்டு சுருண்டு உருகுவதைக் கொல்லை வாசலில் நின்று பார்த்தேன். பிறகு அப்பா திரும்பிப் பார்க்காமலேயே மாமாவிடம் சொன்னார். "பாப்பா புதுநன்மைக்கு ஊருலேர்ந்து எல்லாரும் வருவாங்க. சாயந்தரம் அவங்களோடயே நீயும் கெளம்பிடு. அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்." அதற்கு இரண்டு வாரம் இருந்தது. வீட்டை விட்டுப் போனால் தங்க இடமில்லை, தங்க இடமில்லாவிட்டால் வேலையும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்று இரவு அப்பா வேலைக்குப் போனார். காலையில் பஸ் வரும்வரை நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா இறங்கி வந்தார். ஒரு பயம் தீர்ந்தது என்று உள்ளே வந்தால் அடுத்தது காத்திருந்தது.

பெரியவர்கள் எல்லோரும் கெட்ட படம் என்று சொல்கிறார்கள். அப்படியானால் அதுதான் கெட்ட படமாக இருக்க வேண்டும். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அதுவும் நாலு தடவை. ஞானோபதேச வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற பெரிய பெண் ஒருத்தி, பாவத்தை மறைத்துவிட்டு நன்மை வாங்கினால் அப்பம் பட்ட இடம் கறுத்துவிடும், அப்படிக் கறுத்த நாக்கோடு ஒருத்தி கடலூரில் இருக்கிறாள் என்று சொல்லியிருந்தாள். நான் தினமும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. அம்மா கவுனைப் போட்டு அளவு பார்க்க வந்தபோது, "என்னடி, போன வாரத்துக்கு இப்ப தொளதொளங்குது?" என்றாள். வெயில்தான் காரணம் என்று மோரைக் கரைத்துக் கொடுத்தாள்.

மாமா வேலைக்குப் போய் வந்தார், வராந்தாவில் படுத்தார், எங்களோடு பேசவில்லை. தம்பி ஒருநாள் அவரிடம் போய், "உப்பு பத்தல" என்று ஆடு போல மென்று காட்டினான். அம்மா ஓடி வந்து அவனை முதுகில் ஒன்று வைத்து உள்ளே இழுத்துப்போனாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

புதுநன்மைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற முதல் பாவசங்கீர்த்தனம். எங்கள் பங்குச்சாமியார் என்றால் பிள்ளைகளுக்கு நடுக்கம். கோயிலில் ஓடினால் காதைத் திருகிவிடுவார். பூசையில் குழந்தை அழுதால் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அது ஓயும்வரை முறைத்துக்கொண்டு நிற்பார். நான் வரிசையில் பதினோராவது ஆள். என் முறை வந்தது. ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, எனக்கும் சாமியாருக்கும் நடுவிலிருந்த வலைக்கம்பியில் வாயை வைத்துச் சொன்னேன், "கெட்ட படம் பாத்தேன் சாமி. நாலு வாட்டி."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "யாரு காட்டினா?"

"மாமா."

பிறகு, நான் அதுவரை கேட்டறியாத மெல்லிய குரலில், "பயப்படாத. படத்துல என்ன பாத்தேன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். எதையும் மறைத்தால் நாக்கு கறுத்துவிடும் என்பதால் ஒன்று விடாமல் சொன்னேன். சின்ன டவுசர், மாவுக் கை ரொட்டிக்காரர், ஸ்வெட்டர் பின்னுகிற கோல் அம்மாள், குளம், மேசை விரிப்பு. மாமா பேசிய பேச்சும் பாவத்தில் சேர்த்திதானே என்று அதையும் சொன்னேன். ஆடு வலையைத் தின்றுவிட்டு உப்பு பத்தல என்ற இடத்தில் அந்தப் பக்கம் இருமல் போல ஒரு சத்தம் கேட்டது. திரைத் துணி ஆடியது. என் பாவத்தைத் தாங்காமல் சாமியார் அழுகிறார் என்று நினைத்து நானும் அழ ஆரம்பித்தேன். அது அழுகை இல்லை. சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுல பாவமே இல்ல பாப்பா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "இதுக்கா அழுவுற?"

"மாமாவை நாளைக்கு வூட்டை விட்டு அனுப்பறாங்க சாமி."

சிரிப்பு நின்றது. என்ன நடந்தது என்று முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "இங்க கேட்டத நான் வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாது. உங்கப்பாகிட்டயும் சொல்ல முடியாது, புரியுதா? நீதான் சொல்லணும். இப்ப எங்கிட்ட சொன்னாப்பல, அந்த ஆட்டோட சேத்துச் சொல்லு."

நெய்வேலியிலேயே உண்மை தெரிந்த ஒரே பெரியவர் வாயைத் திறக்க முடியாதவராக இருந்தார். வெளியே வந்தபோது, "உனக்கு மட்டும் ஏன் இவ்ளோ நேரம்?" என்று அந்தப் பெரிய பெண் கேட்டாள்.

அன்று சாயங்காலம் முழுக்க அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வாயைத் திறக்கப் போவேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். சொன்னால் அப்பா செய்தது தப்பு என்று ஆகும். அப்பாவைத் தப்பு என்று சொல்கிற வாய் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கொல்லைப்படியில் உட்கார்ந்து என் கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். அம்மா குளிக்கப் போயிருந்தாள். இனி நேரமில்லை. நான் கவுன் அழுக்காகாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் எதிரில் நின்று, ஷூவைப் பார்த்தபடியே ஆரம்பித்தேன்.

"அப்பா, அந்தப் படத்துல ஒரு ஆடு வரும்பா."

பிரஷ் நின்றது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். ரொட்டி கருகுவதைச் சொன்னேன், பந்து குளத்தில் விழுந்ததைச் சொன்னேன், துணி சுற்றியது ஈரத்துக்காக என்று சொன்னேன். ஆடு பேசியதைச் சொன்னதும் அப்பா மூக்கால் 'ஹுக்' என்று சிரித்துவிட்டார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாமியார்கிட்ட சொன்னியா இத?"

"சொன்னேம்பா. பாவமில்லன்னாரு."

அப்பா ஷூவின் நுனிக்கு இன்னொரு தடவை வெள்ளை பூசினார். "சரி, நான் பாத்துக்கறேன். நீ போயி தலைக்குப் பூ வெச்சிக்கோ" என்றார்.

இரண்டு வாரத்தில் முதல் முறையாக எனக்குப் பசித்தது. கோயிலில் அப்பம் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் நெம்பி நெம்பி விழுங்கினேன், நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் ஷாமியானா போட்டு பிரியாணி. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வேன் நிறைய ஜனம். போட்டோக்காரர் வந்தபோது மாமா ஒதுங்கி நின்றார், நான் அவர் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அந்தப் போட்டோ எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எந்த நேரமும் அப்பா மாமாவைக் கூப்பிட்டு, "மாப்ள, இருந்துடு" என்று சொல்லிவிடுவார் என்று பந்தி முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு அப்புறம் பெர்மனென்ட் எல்லாம் ஆகவில்லை. கரும்பு லாரி ஓட்டினார், நெல்லிக்குப்பத்தில் ஒரு சின்னக் கடை வைத்தார், மூடினார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வருவார், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். ஒரு இரவுகூட அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தங்கியதில்லை.

புதுநன்மை அன்று நாலு மணிக்கு வேன் கிளம்பியது. அதில் இடமில்லை என்று சொல்லி, மாமாவை பஸ் ஸ்டாப்பில் விட அப்பாவே சைக்கிளை எடுத்தார். மாமாவின் டிரங்குப் பெட்டியை கேரியரில் வைத்து, தன் கையாலேயே கயிறு போட்டு இறுக்கினார். அம்மா வாசலுக்கு வரவில்லை. நான் வெள்ளைக் கவுனோடு கேட்டருகில் நின்றேன். அப்பா மறந்திருப்பார், இப்போது ஞாபகம் வரும் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு ஆன்ட்டி அவர்கள் வீட்டு கேட்டில் கையை ஊன்றி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரெண்டு பேர். "என்ன தம்பி, ஊருக்கா?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா அப்பாவைப் பார்த்தார். நானும் அப்பாவைப் பார்த்தேன்.

"ஆமாங்க, அனுப்பிட்டேன்" என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, காலையில் வந்த சிரிப்பு இல்லை. "நம்ம வூட்டுலயும் பொம்பளப் புள்ள இருக்குதுங்களே."

"நல்ல காரியம் பண்ணீங்கண்ணே" என்றார் ஆன்ட்டி. அப்பா தலையாட்டினார். உள்ளங்கையை வேட்டியில் ரெண்டு தடவை துடைத்துக்கொண்டு சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தார். அப்பாவுக்கு வேர்த்திருந்தது. அந்தப் பெரிய மெஷினை ஓட்டுகிறவர், உண்மை தெரிந்தவர், ஒரு பித்தளைத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் நாங்கள் மூன்று பேர் பயந்து உட்கார்ந்திருந்தோமே, அதே மாதிரி பயந்திருந்தார். அதுவரை எந்தப் பயம் வந்தாலும் கடைசியில் அப்பா இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அன்று கேட்டருகே நின்றபோது அந்த நினைப்புப் போய்விட்டது. காலிங் பெல் அடித்தால் என் கை ஆடுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார், மாமா பெட்டியின் மேல் கை வைத்தபடி கூடவே போனார். வேப்ப மரத் திருப்பத்தில் மாமா நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, தாடையை ஒரு தடவை ஆட்டி மென்று காட்டிவிட்டுக் கையசைத்தார். எதிர்வீட்டு ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கவில்லை.